செவ்வாய்க்கிழமை ஓட்டம்

எனக்கு முன்னால் ஆறு வண்டி, பின்னால் நாலு. இரண்டாவது பேட்ச் இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது, அவர்கள் வெளியே வந்த பிறகுதான் எங்களை விடுவார்கள், இருபது நிமிடம் ஆகும் என்று கொடிக்காரர் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து சொல்லிவிட்டுப் போனார். மாதத்தில் ஒரு ஞாயிறு, கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கும் இந்த ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்ட விடுகிறார்கள். ஹெல்மெட் மடியில் இருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டேன். அணைத்ததும் டிக் டிக் என்று அது ஆறுகிற சத்தம் கேட்கும், அதில் ஒரு டிக் இன்று தள்ளி விழுகிறது, இடது பக்கத்திலிருந்து, சைலன்சர் தகடாக இருக்கலாம், இல்லை வெள்ளிக்கிழமை மெக்கானிக் பெனடிக்ட் கை வைத்த ஏதோ ஒன்றாக இருக்கலாம், அவன் எதையோ கழற்றி மாட்டியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. எனக்கு எதையும் நம்பி வழக்கமில்லை. பம்ப் கம்பெனியில் பதினாலு வருஷமாக வார்ப்படங்களைத் தட்டிப் பார்த்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று சொல்கிற வேலை. தட்டினால் கணீரென்று வர வேண்டும். கொஞ்சம் மந்தமாக வந்தாலும் ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன், பிறகு யார் கெஞ்சினாலும் அது லாரி ஏறாது. இன்று காலை ஆறு மணிக்கு என் மனைவி சாருவைத் தட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு எங்க போயிருந்த என்று கேட்டேன். அவள் என் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். மூடியை முழுசாகத் திருகி முடித்துவிட்டு, "யார் சொன்னாங்க?" என்றாள். இது ஒரு பதிலா. எங்கேயும் போகவில்லை என்பது பதில். கடைக்குப் போனேன் என்பது பதில். யார் சொன்னாங்க என்றால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது, அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தரும் இருக்கிறார் என்று அர்த்தம்.

சொன்னது வண்டி. அதைத்தான் நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், தீப்பெட்டி அளவு ஒரு கறுப்புப் பெட்டி செருகியிருக்கிறது. சாவி போட்டது முதல் எடுக்கிறவரை எல்லாவற்றையும் எழுதும், எத்தனை மணிக்கு ஸ்டார்ட் ஆச்சு, என்ன வேகம், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தார்கள், பிரேக்கில் கால் எப்போது போனது. எங்கே போனது என்று மட்டும் எழுதாது, அதற்கு வேறு பெட்டி வாங்க வேண்டும், நான் வாங்கவில்லை, டிராக்கில் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியுமே. டிராக்குக்கு வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வண்டியை பெனடிக்டின் போத்தனூர் ஷெட்டில் விடுவேன், அவன் பெட்டியிலிருந்து கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டு, அந்த மாத ஓட்டங்களை எல்லாம் கோடு கோடாக வரைந்து எனக்கு அனுப்புவான். நேற்று மத்தியானம் முதலில் ஒரே ஒரு ஓட்டத்தை அனுப்பினான், மீதி பிறகு என்றான். செவ்வாய்க்கிழமை, பதினொன்று ஏழுக்கு ஸ்டார்ட். நாற்பத்திரண்டு நிமிடம் ஓட்டம். ஒரு மணி ஒன்பது நிமிடம் நிறுத்தம். திரும்ப நாற்பது நிமிடம். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே நான் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். வண்டி எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் உறை போட்டு நின்றது. இரண்டு சாவியில் ஒன்று என் பையில், இன்னொன்று பீரோவில் அவள் புடவைகளுக்கு நடுவில்.

கோடுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. ராத்திரி பாத்ரூமில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். ஓட்டின ஆள் நான் இல்லை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் ஓட்டினால் கோடு மலையும் பள்ளமுமாக இருக்கும். இது படுத்துக் கிடக்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றைத் தாண்டவே இல்லை. நிற்பதற்கு முன்னூறு மீட்டருக்கு முன்னாலேயே காலை எடுத்து, பிரேக்கைத் தடவித் தடவி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறவர் மடியில் ஏதோ சிந்தக் கூடாத சாமான் இருந்தால் அப்படி ஓட்டுவார்கள். இல்லை, பக்கத்தில் இருக்கிறவர்மேல் பிரியம் இருந்தால். இடையில் ஓரிடத்தில் நாலு நிமிடம் என்ஜின் ஓடிக்கொண்டே நின்றிருக்கிறது. யாருக்காகவோ காத்திருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாலு நிமிடத்தில் யார் வந்து கதவைத் திறந்தது, எந்தக் கதவை. நான் அந்த ஆளுக்குச் சட்டை வரை போட்டுப் பார்த்துவிட்டேன், இளநீல முழுக்கை, மடித்துவிட்ட கை, மூக்குக்கண்ணாடி, சாருவோடு பி.எட். படித்தவனாக இருக்கலாம், கணக்கு டீச்சர்களுக்கு என்று ஒரு குழு வைத்திருக்கிறாளே போனில், அதில் இருக்கலாம். அவனுக்குப் பெயர் மட்டும்தான் வைக்கவில்லை.

அவளே ஓட்டியிருப்பாளா என்றால் அதையும் நம்ப முடியவில்லை. லைசென்ஸ் இருக்கிறது. வண்டி வாங்கின முதல் வாரம் அவிநாசி ரோட்டில் ஒரு தடவை ஓட்டினாள். செகண்டு போடு, செகண்டு போடு, காதுல கேக்கலையா என்ஜின் திணறுது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓரமாக நிறுத்தி, இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, நீங்களே ஓட்டிக்கோங்க என்று சொல்லிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த சீட் போய்விட்டது, அதற்குப் பதிலாக உடம்பைக் கவ்விப் பிடிக்கிற ரேஸ் சீட், ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு இஞ்ச் தாழ்த்தினேன், டர்போ மூச்சு விட வழியைப் பெரிதாக்கினேன், பெனடிக்ட் கம்ப்யூட்டரில் ஏதோ திருத்தி எழுதி நாற்பது குதிரைச் சக்தி கூடுதலாகக் கொண்டுவந்தான், பின் சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டு அங்கே குறுக்கே இரும்புக் குழாய் போட்டாயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் இன்னமும் ஸ்கூலுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிற சின்ன வண்டிதான், அதுதான் அதன் ருசியே, சிக்னலில் பெரிய வண்டிக்காரன் ஒருத்தன் நம்மை ஏளனமாகப் பார்ப்பான் பாருங்கள், அந்த இரண்டு நொடிக்காக எதையும் கழற்றலாம். பிள்ளையைத்தான் கூட்டிப்போக முடியாது. பின் சீட்டைக் கழற்றின அன்று மிதுலா வந்து குழாயைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் எங்க உக்காரது?" என்றாள். மாசத்துல ஒரு நாள்தாண்டா கண்ணு, திரும்ப மாட்டிருவேன் என்றேன். சீட் பால்கனியில் துணி காய்கிற கொடிக்குக் கீழே இரண்டு வருஷமாகக் கிடக்கிறது. அவர்கள் இருவரும் பஸ்ஸில் போகிறார்கள், ஆட்டோவில் போகிறார்கள், ஸ்கூட்டர் வாங்கித் தரட்டுமா என்று நான் கேட்டேன், கேட்காமல் இல்லை.

மறுபடி இறங்கி சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை. பின்னால் சிவப்பு வண்டியில் இருப்பவன் சிரிக்கிறான், சிரிக்கட்டும். சக்கரத்தின் போல்ட்டுகளைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கியதும், போல்ட்டின் தலையிலிருந்து சக்கரம்வரை வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். யாராவது தொட்டால், இல்லை தானாக நெகிழ்ந்தால், கோடு உடைந்துவிடும், ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இருபது கோடும் உடையாமல் இருக்கிறது. முன் இடது சக்கரத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது, பெனடிக்டின் கை நடுங்கியிருக்கும், அவன் குடிப்பதில்லை என்கிறான், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்கிற எல்லாரும் போகிறார்களா என்ன. போன மாதம் அவன் என்னிடம், "சார், மேடம் வண்டி ஓட்டுவாங்களா?" என்று கேட்டான். எதற்குக் கேட்டான். கிளட்ச் கனமாக இருக்கும், அவர்களுக்குக் கால் வலிக்கும் என்பதற்காகக் கேட்டேன் என்றான். அவள் காலைப் பற்றி அவனுக்கென்ன. நேற்று சாயங்காலம் பேஸ்மெண்டுக்குப் போய், வெள்ளிக்கிழமை நான் அவிழ்த்த உறை முடிச்சை நினைத்துப் பார்த்தேன். நான் எப்போதும் போடுகிற முடிச்சு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வாட்ச்மேன் மாரப்பனிடம், பேச்சுவாக்கில் கேட்பது மாதிரி, செவ்வாய்க்கிழமை என் வண்டி வெளியே போச்சா என்று கேட்டேன். "வண்டிங்களா... பொழுதன்னைக்கும் வண்டி போய்ட்டுதானுங்க இருக்குது" என்றார். அப்புறம், நான் கேட்காமலே, "அம்மாகூட அன்னைக்குக் காலைலயே கெளம்பிப் போனாங்களே" என்றார். நான் சரி என்று சொல்லி மேலே வந்துவிட்டேன். வண்டியிலா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவருக்கும் தெரிந்துவிடும் என்று ஒரு கூச்சம்.

டிராக்கில் ஒரு வண்டி கடைசி வளைவில் வால் ஆட்டிக்கொண்டு போகிறது, டயர் கத்துகிறது, ரப்பர் தீய்கிற வாசனை இங்கேவரை வருகிறது. அந்த வளைவுக்கு முன்னால் நூற்றைம்பதில் வருவேன், நூறு மீட்டர் பலகையில் பிரேக், அதற்கு ஒரு நொடி முன்னால் இல்லை, ஒரு நொடி பின்னால் இல்லை. அந்த இடத்தில் வேறெதுவும் நினைவுக்கு வராது, லாரியில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சுகிற மார்க்கெட்டிங்காரன் வரமாட்டான், ரிஜெக்ட் செய்த வார்ப்படங்கள் வராது. இன்று அந்தப் பலகையில் இளநீலச் சட்டைக்காரன் நிற்பான் என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு மனசை வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. ஆனாலும் போவேன். போகாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டில் சாயங்காலம் இருக்கிறது. நான் கிளம்பும்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சா சரி. சாயந்தரம் வாங்க, பேசிக்கலாம்" என்றாள். பேசிக்கலாம் என்றால் எதை. அவள் முகத்தை நான் எத்தனை தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அதில் பயம் இல்லை. மாட்டிக்கொண்டவள் முகம் வெளுக்கும், குரல் உயரும், நீங்க மட்டும் யோக்கியமா என்று எங்காவது இழுப்பாள். அவள் முகம் லேசாகிவிட்டது. ரொம்ப நாள் கழித்து யாரோ வந்து மூட்டையில் ஒரு கை பிடித்த மாதிரி. அப்படியென்றால் தீர்மானித்துவிட்டாள். சொல்ல வாய்ப்புக் கிடைத்ததே என்று நிம்மதி. போகப் போகிறாள். மிதுலாவையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள். இதை இத்தனை நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன், இதுதான் என் பயம், அவள் யாரோடு போனாள் என்பதுகூட இரண்டாம்பட்சம்தான், கதவைத் திறந்தால் அவர்கள் இரண்டு பேரும் இல்லாத ஒரு வீடு. கை வேர்க்கிறது. கையுறையைக் கழற்றினேன்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பெனடிக்ட். டிராக்குக்கு வரும் நாளில் எங்கள் நாலைந்து வண்டிகளையும் பார்த்துக்கொள்ள அவனும் வருவான். கண்ணாடியை இறக்கினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தான்.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க."

இவன்தானா. பதினாலு வருஷத் தொழில், கண்ணெதிரில் இருந்த ஓட்டையை விட்டுவிட்டேனே.

"திருப்பூர்ல ஒரு டாக்டர் இருக்காருங்க. உங்க வண்டியேதான், அதே கலர், இதே பெட்டி. வெள்ளிக்கிழமை ரெண்டும் ஒண்ணா ஷெட்ல நின்னுச்சு. ரெண்டு கார்டும் நீலக் கலருங்க, மேசை மேல வெச்சதுல மாறிப்போச்சு. நேத்து உங்களுக்கு அனுப்புனது அவரு ஓட்டம். அவரு வயசானவரு, பேஷண்ட்டப் பாக்கப் போறப்ப ஆமையாட்டம் ஓட்டுவாரு. அத வெச்சு பிரேக்ல எதாச்சும் மாத்திக்கீத்தி வெச்சிட்டீங்களா? அப்படியே உள்ள போனீங்கன்னா வண்டி நிக்காதுங்க சார்."

"மாத்தலை" என்றேன்.

"தப்பிச்சேன். இப்பத்தான் அவரு போன் பண்ணி, என்னப்பா நான் நூத்தைம்பதுல போனேனான்னு கேட்டாரு."

"என் கார்டுல செவ்வாய்க்கிழமை?"

"ஒண்ணுமே இல்லைங்க. போன தடவை இங்க ஓட்டுனதுக்கப்புறம் நீங்க வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குக் கொண்டாந்ததுதான். நடுவுல வண்டி அசையவே இல்லை."

அவன் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். நாலு நிமிடம் காத்திருந்து ஏற்றிக்கொண்டது கம்பவுண்டரையாக இருக்கும். இளநீலச் சட்டைக்காரனைக் கழற்றி எறிந்தேன். ஒரு கிழட்டு டாக்டர் பிரேக்கைத் தடவித் தடவி நிறுத்தினதற்கு நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. சாருவிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும், சாயங்காலம்வரை வைத்திருக்கக் கூடாது, பாவம், காலையில் எவ்வளவு அதட்டலாகக் கேட்டுவிட்டேன். நேரம் பார்த்தேன், ஐந்து நிமிடம் இருந்தது. போன் செய்யும்போதுதான் அந்த யார் சொன்னாங்க மறுபடி காதில் விழுந்தது. வண்டி போகவில்லை. சரி. அப்புறம் எதற்கு அப்படிக் கேட்டாள். வாட்ச்மேன் சொன்னாரே, காலையிலேயே கிளம்பிப் போனாங்க என்று. அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க."

"சாரு, காலைல கேட்டேன்ல. அது தப்பு. பெனடிக்ட் கார்ட மாத்திப்போட்டுட்டான். வண்டி வெளிய போயிருக்குன்னு நெனச்சிட்டேன். போகலை."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"வண்டியா?"

"ஆமா."

"வண்டிய எடுத்தனான்னா கேட்டீங்க?"

"அதான் தப்புன்னு சொல்றேனே."

"நீங்க என்னையக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

நீ எங்க போயிருந்த என்று கேட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே அவளைத்தான் கேட்டேன், ஆனால் குரல் அதே குரலாகத்தான் வந்தது, அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

"குன்னூர் போயிருந்தேன். அங்க ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேலை. அன்னைக்கு இன்டர்வியூ, பதினோரு மணிக்கு. கெடைச்சிருச்சு. தங்கறதுக்கு வீடு தர்றாங்க, மிதுவுக்கும் சீட்டு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அஞ்சு நாளா முழிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க காலைல வந்து கரெக்டா செவ்வாய்க்கிழமை, பதினோரு மணின்னு கேட்டீங்க. பரவால்ல, நான் இருக்கனா போறனான்னு இந்த மனுசனுக்கு ஒரு கண்ணு இருக்குன்னு நெனச்சேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுங்களா. வரலைன்னு அவங்களுக்கு மெயில்கூட எழுதிட்டேன். நீங்க வந்ததும் காட்டிட்டு அனுப்பலாம்னு வெச்சிருந்தேன்."

"அனுப்பு" என்றேன். "இப்பவே அனுப்பு, சாரு."

அந்தப் பக்கம் குழாயில் மறுபடி தண்ணீர் விழ ஆரம்பித்தது.

"சாரு, நான் வீட்டுக்கு வரேன். இப்பவே வரேன்."

"எதுக்கு? நீங்க ஓட்டிட்டு வாங்க. பணம் கட்டியாச்சுல்ல." சண்டைக் குரலில் சொல்லவில்லை. அவிநாசி ரோட்டில் நீங்களே ஓட்டிக்கோங்க என்றாளே, அதே குரல். வைத்துவிட்டாள். நான் திரும்பக் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நின்றது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாயங்காலம்வரை அந்தப் பொய்யை அப்படியே விட்டிருந்தால் அவளே காட்டி, அவளே அனுப்பியிருப்பாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை, வண்டிமேல் தப்பில்லை என்று சொல்லியாக வேண்டியிருந்தது. முன்னால் ஆறு வண்டிகளும் ஸ்டார்ட் செய்கின்றன. கொடிக்காரரைக் கை காட்டிக் கூப்பிட்டேன். வெளிய போகணும், வீட்டுக்குப் போகணும் என்றேன். அவர் முன்னால் பார்த்தார், பின்னால் சிவப்பு வண்டியைப் பார்த்தார், இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர்.

"இங்கிருந்து ரிவர்ஸ் எடுக்க முடியாதுங்களே. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தீங்கன்னா அந்தப் பக்கம் கேட் இருக்குது."

"அவசரங்க."

"ரெண்டு நிமிஷந்தானுங்க சார். ஹெல்மெட்டப் போடுங்க."

போட்டேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டன, போன் அடித்தால் கேட்காது. ஒவ்வொரு வண்டியாகப் போனது. என் முறை வந்தபோது கொடி இறங்கியது, நான் முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து, அவளைவிட்டு எதிர்த் திசையில் வேகமாகப் போனேன்.